மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவரா? தயவுசெய்து என் மருந்தைக் கேட்காதீர்கள்!

ஒரு சித்த வைத்தியரே 'சித்த மருந்து வேண்டாம்' என்று எழுதுகிறாரே, இவருக்கு என்ன ஆச்சு என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். எல்லோருக்கும் சொல்லவில்லை. சிறுநீரகம், கல்லீரல், இதயம் என்று ஏதாவது ஓர் உறுப்பை இன்னொருவரிடமிருந்து பெற்று, மறுவாழ்வு வாழ்ந்து கொண்டிருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டில் சமைத்துப் போடுகிறவர்களுக்கும் மட்டும்தான் இந்தக் கட்டுரை. மற்றவர்களும் படித்து வையுங்கள். உங்கள் அக்கம்பக்கத்தில், சொந்தபந்தத்தில் இப்படி ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார்.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து, முப்பது வருஷமாக அதையே தொழிலாகச் செய்து வருகிறேன். என் மருந்துகளின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையினால்தான் இதை எழுதுகிறேன். 'மூலிகைதானே, பக்க விளைவே கிடையாது' என்று சொல்கிறவர்கள் சித்த மருத்துவத்தைப் புகழவில்லை, அவமானப்படுத்துகிறார்கள். விளைவே இல்லாத பொருள் எப்படி மருந்தாகும்? விளைவு இருக்கிறது என்றால், அது எல்லா உடம்பிலும் நல்லதாகவே இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

இரவல் உறுப்பும் வீட்டுக் காவல்காரனும்

நம் உடம்பில் ஒரு காவல்காரன் இருக்கிறான். அவனைத்தான் நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். வெளியிலிருந்து கிருமி வந்தாலும் அடிப்பான், அடுத்தவர் சிறுநீரகம் வந்தாலும் அடிப்பான். அது நம் உயிரைக் காப்பாற்ற வந்த உறுப்பு என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது.

1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதன்முதலாகச் சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணமே, கொடுத்தவரும் பெற்றவரும் அச்சு அசலான இரட்டைச் சகோதரர்கள் என்பதுதான். உள்ளே இருந்த காவல்காரனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நம் நாட்டில் 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்த சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. ஆனாலும், இரட்டையர் அல்லாதவர்களுக்கு இது பரவலாகக் கைகொடுக்க ஆரம்பித்தது சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பிறகுதான். அமெரிக்காவில் அதற்கு 1983-ல் அனுமதி கிடைத்தது. அடுத்து டாக்ரோலிமஸ் வந்தது. இன்று பெரும்பாலானவர்கள் சாப்பிடுவது இதைத்தான்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சைக்ளோஸ்போரின், நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து எடுக்கப்பட்டது. டாக்ரோலிமஸ், ஜப்பானில் ட்சுகுபா என்ற ஊர் மண்ணில் 1984-ல் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. இரண்டுமே இயற்கை தந்தவைதான்! காவல்காரனைத் தூங்க வைக்கிற அளவுக்கு வீரியம் உள்ள இவையும் இயற்கை என்றால், 'இயற்கை மருந்து ஒன்றும் செய்யாது' என்ற பேச்சுக்கு என்ன அர்த்தம்?

கத்தி முனையில் நடக்கும் கணக்கு

இந்த மருந்துகளின் சங்கடம் அளவில்தான் இருக்கிறது. டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை நானோகிராம் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 முதல் 10 நானோகிராம் வரை என்பது பலருக்கு வைக்கப்படும் இலக்கு. ஆளுக்கு ஆள், ஆபரேஷன் ஆகி எத்தனை மாதம் என்பதற்கேற்ப இது மாறும்.

அளவு குறைந்தால் காவல்காரன் விழித்துக்கொண்டு புது உறுப்பைத் தாக்குவான். அதிகமானால் கை நடுக்கம், தலைவலி, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, பொட்டாசியம் உயர்வு... எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சிறுநீரகத்தையே அது கெடுக்கும். வேடிக்கை என்னவென்றால், குறைந்தாலும் கிரியாட்டினின் ஏறும், கூடினாலும் கிரியாட்டினின் ஏறும். எதனால் ஏறியது என்று ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நீங்களோ நானோ கண்டுபிடிக்க முடியாது.

இந்த அளவை யார் நிர்ணயிக்கிறார்கள் தெரியுமா? கல்லீரலிலும் சிறுகுடல் சுவரிலும் இருக்கிற ஒரு நொதி. என்ஸைம் என்பார்கள். மாத்திரை உள்ளே போனதும் இந்த நொதி அதில் ஒரு பகுதியைச் சிதைத்துவிடும். கூடவே குடல் சுவரில் ஒரு 'பம்ப்' இருந்துகொண்டு, உள்ளே நுழையும் மருந்தைத் திரும்பக் குடலுக்கே தள்ளும். இத்தனை சேதாரத்தையும் கணக்குப் போட்டுத்தான் டாக்டர் உங்களுக்கு டோஸ் எழுதுகிறார். இப்போது நீங்கள் சாப்பிடும் இன்னொரு பொருள் அந்த நொதியை முடக்கினால் மருந்து வெள்ளமாக ரத்தத்தில் ஏறும். நொதியை முடுக்கிவிட்டால் மருந்து காணாமல் போகும். மாத்திரையை ஒரு வேளைகூட மறக்காமல் சாப்பிட்டவருக்கும் இது நடக்கும்!

ஒரு பழமும் ஒரு பூச்செடியும்

1989-ல் கனடாவில் ஓர் ஆராய்ச்சி. ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். மதுவின் ருசி தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் என்ற பழத்தின் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மாத்திரையின் அளவு எதிர்பாராமல் எகிறியது. காரணம் மது இல்லை, பழச்சாறு! அந்தப் பழம் குடலில் உள்ள நொதியை முடக்கிவிடுகிறது. புது நொதி உற்பத்தியாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால் 'காலையில் பழம், ராத்திரி மாத்திரை' என்ற சமாளிப்பு இங்கே எடுபடாது.

'அந்தப் பழம் நம்ம ஊர்ல ஏது சார்?' என்பீர்கள். அதன் நெருங்கிய சொந்தக்காரன் நம் ஊர் பம்பளிமாஸ். பம்பளிமாஸ் சாப்பிட்ட ஒரு சிறுநீரக மாற்று நோயாளிக்கு டாக்ரோலிமஸ் அளவு ஏறியதை ஜப்பானிய மருத்துவர்கள் 2003-ல் எழுதியிருக்கிறார்கள். கசப்பு ஆரஞ்சுக்கும் இதே குணம் உண்டு. நாரத்தை என்ற பெயரில் நம் பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட காய்கள் புழங்குகின்றன. எது எது என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, நாரத்தங்காய் ஊறுகாயை இவர்கள் இலையில் வைக்காமல் இருப்பதே உத்தமம். எலுமிச்சம்பழ சாதத்துக்கு இந்தப் பயம் வேண்டாம்.

இன்னொரு கதை இதற்கு நேர் எதிர். ஐரோப்பாவில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று ஒரு மஞ்சள் பூச்செடி. மனச்சோர்வுக்கு அங்கே நாட்டு மருந்து. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில், இதய மாற்று செய்துகொண்ட இரண்டு பேர் அதைச் சாப்பிட்டார்கள். சில வாரங்களிலேயே சைக்ளோஸ்போரின் அளவு சரிந்து, உடம்பு புது இதயத்தை நிராகரிக்க ஆரம்பித்துவிட்டது. மூலிகையை நிறுத்தியதும் அளவு பழைய நிலைக்கு வந்தது. 2000-ல் இது 'லான்செட்' இதழில் வெளியாகி மருத்துவ உலகத்தையே உலுக்கியது.

நம் அடுப்பங்கரைக்கு வருவோம்

சுக்கு, மிளகு, திப்பிலி. திரிகடுகு இல்லாத சித்த மருத்துவம் உண்டா? எத்தனையோ சூரணங்களில் அதைச் சேர்க்கிறோம். ஏன்? மற்ற மருந்துகளை உடம்பில் ஏற்றிவிடும் என்பதால். ஜம்முவில் சி.கே. அடல் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் இதை ஆராய்ந்து 1981-ல் எழுதினார்கள். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற சத்து, திப்பிலியோடு சேரும்போது ரத்தத்தில் பல மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். நம் முன்னோர் ஆடாதோடையையும் திப்பிலியையும் சேர்த்தது சும்மா இல்லை!

ஆனால், யோசித்துப் பாருங்கள். ஆடாதோடையை ஏற்றிவிடுகிற திப்பிலி, டாக்ரோலிமஸை மட்டும் விட்டுவைக்குமா? மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற பொருள், நான் சொன்ன அதே நொதியையும் அதே பம்ப்பையும் தடுக்கிறது என்று 2002-ல் ஜெர்மனியில் ஆய்வுக்கூடச் சோதனையில் காட்டினார்கள். அதில் பம்ப்பைச் சோதிக்க எடுத்துக்கொண்ட மருந்துகளில் ஒன்று சைக்ளோஸ்போரின்.

உடனே ரசத்தில் மிளகு போடலாமா என்று பயந்துவிடாதீர்கள். தினசரி சமையலில் வழக்கமாகப் போடுகிற அளவு வேறு. ஜலதோஷம் என்று கைப்பிடி மிளகைத் தட்டிப் போட்டுக் காய்ச்சுகிற கஷாயம், தினம் இரண்டு வேளை திரிகடுகு சூரணம், சத்தை மட்டும் பிரித்து அடைத்த கேப்ஸ்யூல் இவையெல்லாம் வேறு. மஞ்சளும் அப்படியே. சாம்பாரில் ஒரு சிட்டிகை பாதகமில்லை. ஆனால், ஸ்பூன் ஸ்பூனாக மஞ்சள் சாப்பிட்ட ஒரு கல்லீரல் மாற்று நோயாளிக்கு டாக்ரோலிமஸ் ஏறி சிறுநீரகம் பாதித்ததை 2017-ல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்கிற அதிமதுரம் தெரியுமல்லவா? அளவு மீறினால் ரத்தக் கொதிப்பை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். இந்த நோயாளிகள் சாப்பிடும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு உடம்பில் தங்கும் நேரத்தையும் நீட்டிக்கும்.

பேதிக்குச் சாப்பிடுகிற பழக்கம் இன்னும் பல குடும்பங்களில் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால், இவர்களுக்குக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் குடல் சுவரின் தடுப்பு பலவீனப்பட்டு, டாக்ரோலிமஸ் அதிகமாக உள்ளே ஏறும். போதாக்குறைக்கு நீர்ச்சத்தும் குறையும். இருப்பதோ ஒரே ஒரு சிறுநீரகம்! பற்பம், செந்தூரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முறைப்படி சுத்தி செய்து முடித்ததாகவே இருக்கட்டும். பாதரசமும் ஈயமும் சேர்ந்த சரக்குகளை இவர்களிடம் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது.

'சக்தி கூடட்டும்' என்ற ஆசை

2020-ல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீரை வீதி வீதியாகக் கொடுத்தார்கள். எத்தனையோ பேர் குடித்தார்கள், நானும் கொடுத்தேன். அதில் 15 சரக்குகள். சுக்கும் திப்பிலியும் உண்டு, சீந்திலும் உண்டு. சீந்திலுக்கு என்ன பெருமை? எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்பதுதான். உறுப்பு மாற்று செய்துகொண்டவர் ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தூங்க வைத்திருக்கிற காவல்காரனைத் தட்டி எழுப்பவா ஒரு டம்ளர் கஷாயம் கொடுப்பது?

அந்தச் சமயத்தில் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே முக்கியமில்லை. என் நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தியே எதிரியாக இருக்கும்போது, அதைக் கூட்டும் என்று நாமே விளம்பரம் செய்யும் பொருளைக் கொடுக்கக் கூடாது. சீந்தில், அமுக்கரா, இன்னும் 'இம்யூனிட்டி' என்று லேபிள் ஒட்டி வரும் லேகியம், பொடி, டானிக் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான்.

'சொன்னா திட்டுவாங்க ஐயா'

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு முப்பது வயது இருக்கும்.

"ஐயா, தம்பிக்கு கிரியாட்டினின் லேசா ஏறியிருக்குன்னு சொல்லிட்டாங்க. நீங்க கல்லையே கரைக்கிறீங்களாம். இதைக் குறைக்க ஒரு மருந்து குடுங்களேன்."

"வேற என்னம்மா குடுக்கறீங்க?"

"பக்கத்து வீட்ல சொன்னாங்கன்னு சீந்தில் மாத்திரை. காலையில வாழைத்தண்டுச் சாறு."

"ஆஸ்பத்திரியில சொன்னீங்களா?"

"சொன்னா திட்டுவாங்க ஐயா."

"கிட்னி யாரோடதும்மா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்னோடதுதாங்க" என்றார்.

மருந்து கொடுக்கவில்லை. என்னென்ன, எத்தனை நாளாகச் சாப்பிட்டார் என்று ஒரு தாளில் எழுதி, அன்றைக்கே அவருடைய டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். 'நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டு நிறுத்துங்கள்' என்றும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு மூலிகை, மருந்தின் அளவை இறக்குகிறது என்று வையுங்கள். விஷயம் தெரியாத டாக்டர் டோஸைக் கூட்டுகிறார். திடீரென்று ஒருநாள் பயந்துபோய் மூலிகையை நிறுத்துகிறீர்கள். கூட்டிய டோஸ் அப்படியே இருக்கிறது, சிதைப்பதற்கு ஆள் இல்லை. அளவு எக்கச்சக்கமாக ஏறிவிடும். ஆக, மறைத்து ஆரம்பிப்பதும் ஆபத்து, மறைத்து நிறுத்துவதும் ஆபத்து.

அந்த அம்மா சொன்ன 'திட்டுவாங்க' என்ற ஒரு வார்த்தை எனக்கு ரொம்ப வருத்தம். அலோபதி டாக்டர்களுக்கு என் பணிவான வேண்டுகோள். 'நாட்டு மருந்து சாப்பிட்டியா?' என்று மிரட்டலாகக் கேட்டால், 'இல்லை' என்ற பதில்தான் வரும். 'கஷாயம், சூரணம், சாறு ஏதாவது வீட்டில் உண்டா? என்ன போட்டீங்க?' என்று வீட்டுப் பெரியவர் மாதிரி கேளுங்கள். உண்மை தானாக வரும்.

என் துறைச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. மித்துரு சரக்கு, சத்துரு சரக்கு என்று நட்பும் பகையும் பார்த்து மருந்து சேர்க்கக் கற்றவர்கள் நாம். அனுபானம் மாறினால் குணம் மாறும் என்று கற்றவர்கள். பத்தியம் சொல்லாமல் மருந்து கொடுக்காதவர்கள். ஒன்றோடொன்று சேரும்போது என்ன ஆகும் என்ற பாடம் நமக்குப் புதிதல்ல. அந்தப் பகை, வெள்ளைக்காரன் மாத்திரைக்கும் நம் சூரணத்துக்கும் இடையில் மட்டும் இருக்காது என்று எப்படி நினைத்துக்கொள்கிறோம்? நாடி பார்க்கும் முன்பே 'உறுப்பு மாற்று ஆபரேஷன் ஆகியிருக்கா?' என்று கேட்பதை வழக்கமாக்குவோம். ஆம் என்றால், அந்த டாக்டரிடம் பேசாமல் ஒரு பொட்டலமும் மடிக்க வேண்டாம். மருந்து தயாரிக்கும் கம்பெனிகளும் 'உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் தவிர்க்கவும்' என்று லேபிளில் ஒரு வரி போடட்டும். அரசாங்கம் அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

மருந்துக் கடையிலும் ஜாக்கிரதை!

மூலிகையை மட்டும் குற்றம் சொன்னால் நியாயமாகாது. மருந்துக் கடையில் சர்வசாதாரணமாகக் கேட்டு வாங்குகிற மாத்திரைகளிலும் வினை உண்டு.

படர்தாமரைக்கு வாங்கும் ஃப்ளூகொனசோல், இட்ரகொனசோல், தொண்டைக் கட்டுக்கான எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகியவை டாக்ரோலிமஸையும் சைக்ளோஸ்போரினையும் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவை இறக்கும். மூட்டு வலி என்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் விழுங்கினால் சிறுநீரகத்துக்கு நேரடி அடி. யூரிக் அமிலத்துக்கான அல்லோபுரினால், அசத்தியோப்ரின் சாப்பிடுகிறவருக்குச் சேர்ந்தால் ரத்த அணுக்கள் அபாயகரமாகக் குறையும். நெஞ்செரிச்சலுக்கு அமிலமுறி மருந்தை, மைகோஃபினோலேட் மாத்திரையோடு ஒரே சமயத்தில் குடித்தால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. டில்டியாசெம் என்ற மாத்திரை, சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். அதைத் தெரிந்தே சேர்த்துக் கொடுத்து, விலை அதிகமான மருந்தின் டோஸைக் குறைக்கிற டாக்டர்கள் நம் நாட்டில் உண்டு. ஆகவே 'பிரஷர்தான் நார்மல் ஆயிடுச்சே' என்று அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!

செய்ய வேண்டியவை

1. 'எனக்கு மாற்று உறுப்பு பொருத்தப்பட்டிருக்கிறது' என்று தமிழில் ஓர் அட்டை எழுதி, சாப்பிடும் மருந்துகளின் பெயர், டோஸ், டாக்டர் போன் நம்பரோடு பர்ஸில் வையுங்கள். பல் டாக்டரிடம் போனாலும் காட்டுங்கள்.

2. டாக்ரோலிமஸை 12 மணி நேர இடைவெளியில், தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் அன்று, ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை.

3. 'இந்தக் கம்பெனி இல்லை, வேற கம்பெனி தரட்டுமா?' என்று கடைக்காரர் கேட்டால், டாக்டரைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

4. எந்தப் புது மருந்து சேர்ந்தாலும், எந்த மருந்து நின்றாலும், மருந்து அளவை மறுபடி சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

5. மைதானத்து வாசலில் விற்கும் அருகம்புல் சாறு, காய்ச்சாத பச்சைச் சாறுகள் வேண்டாம். எதிர்ப்புச் சக்தி அடங்கியிருக்கும் உடம்பில் சின்னக் கிருமியும் பெரிய வேலை செய்துவிடும்.

6. இளநீர், வாழைப்பழம் பொட்டாசியம் நிறைந்தவை. உங்கள் பொட்டாசியம் அளவு என்ன என்று தெரிந்துகொண்ட பிறகு சாப்பிடுங்கள்.

7. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைவு, கால் வீக்கம், திடீர் எடை கூடுதல், புதிதாகக் கை நடுக்கம் இருந்தால் கஷாயம் வைத்துப் பார்க்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

8. ஏற்கெனவே ஏதாவது நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பாட்டிலையோ பொட்டலத்தையோ அப்படியே எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களே, தாய்மார்களே! ஊருக்குப் போகும்போது, ஆபரேஷன் ஆனவருக்கு அன்பாக ஒரு டப்பா லேகியம், ஒரு பாட்டில் குடிநீர்ப் பொடி வாங்கிப் போகிறீர்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அனுப்புகிறீர்கள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால், அந்த உறுப்பு ஒரு தாய் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக இருக்கலாம். மூளைச்சாவு அடைந்த பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு குடும்பம், அழுதுகொண்டே தானமாகக் கொடுத்ததாக இருக்கலாம். அது போனால் கடையில் போய் இன்னொன்று வாங்க முடியாது.

அவர்களைப் பார்க்கப் போகும்போது வேறு எதை வேண்டுமானாலும் வாங்கிப் போங்கள். மருந்து மட்டும் வேண்டாம். 'மாத்திரை சாப்பிட்டாச்சா?' என்று நேரத்துக்கு ஒரு வார்த்தை கேளுங்கள், போதும்.